கதவோரத்து ஜாடி

என் அண்ணியிடம் அடி வாங்காத ஆள் எங்கள் பட்டறையில் கிடையாது. ஈர விறகை அடியில் வைத்து மேலே காய்ந்ததைப் பரப்பிக் கொண்டுவந்த வண்டிக்காரன் வாங்கியிருக்கிறான். ஜாடியைத் தட்டிப் பார்த்து இளக்காரமாகச் சிரித்த கம்பெனி மேஸ்திரி வாங்கியிருக்கிறார். நாத்தனார் என்றால் வீட்டுக்கு வந்தவளை ஆட்டிப் படைப்பவள் என்று பேச்சு. நான் நாத்தனார்தான். எனக்கு அவள் கையிலிருந்து கிடைத்தது நடு முதுகில் ஒரு பச்சைக் களிமண் உருண்டை. ஜாடிமேல் பூசுகிற குழம்பை வடிகட்டாமல் ஊற்றினேனாம். ஆனால் நாங்கள் எல்லோரும் வாங்கியதை மொத்தமாகக் கூட்டினாலும் அவள் கொழுந்தனான என் சின்ன அண்ணன் வாங்கியதில் பாதிகூடத் தேறாது.

பட்டறையில் அவளுக்குப் பெயர் சுத்தியக்கா. இடுப்பில் சேலையைச் செருகியிருப்பாள், அந்தச் செருகலில் சுத்தியல் இருக்கும். படுக்கும்போது தலைமாட்டில் இருக்கும். கொழுந்தனின் கையைச் சுத்தியலால் அடித்து உடைத்தவள் என்றுதான் அவளைப் பற்றி வெளியே பேசுகிறார்கள். உண்மைதான், உடைத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆனால் பாதிக் கதையைக் கேட்டுவிட்டு மீதியை வாய்க்கு வந்தபடி சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பட்டறையில் செய்வது கல்ஜாடி. முழங்கால் உயரம், பருத்த வயிறு, குறுகிய வாய். ஆசிட் கம்பெனிகள்தான் வாங்கும். இரும்புப் பீப்பாயை ஆசிட் தின்றுவிடும், கல்ஜாடியை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த ஜாடியைக் கல்லாக்குவதே இரும்புதான். எங்கள் களிமண்ணில் இயற்கையாகவே கொஞ்சம் இரும்புத்துரு கலந்திருக்கிறது. நல்ல காற்றோட்டத்தோடு எரியும் தீயில் அந்தத் துரு தன் பாட்டுக்குச் சிவந்துகொண்டு சாதுவாகக் கிடக்கும். புகைபோக்கியில் இருக்கும் டேம்பர் பலகையைத் தள்ளிப் புகைவழியை அடைத்து, விறகை அள்ளிப் போட்டு, சூளைக்கு மூச்சு முட்ட வைத்தால் கதை வேறு. காற்றுக்குத் தவிக்கிற தீ, துருவுக்குள் இருக்கிற பிராணவாயுவைப் பிடுங்கிக்கொள்ளும். பறிகொடுத்த துருவின் குணமே மாறிவிடும். கறுத்துப்போய், சுற்றியிருக்கிற மண்ணை உருக்கத் தொடங்கும். மண்ணில் உள்ள நுண்ணிய துளைகள் அடைபடும். ஆறியதும் கல்.

அளவோடு நடந்தால்தான் இதெல்லாம். இரும்பு கூடினால் ஜாடி தோள் சரிந்து குடிகாரன் மாதிரி சாயும். புகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அதைவிட மோசம். மண்ணுக்குள் இருக்கிற கரி எரிந்து வெளியேறுவதற்கு முன்பே மேல்தோல் உருகி மூடிக்கொள்ளும், கரி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை நாங்கள் கறுப்புக் கரு என்போம். கறுப்புக் கரு விழுந்த ஜாடி பிஸ்கட்டாக நொறுங்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சூளை ஆறும்போது உள்ளே வருகிற காற்றில் மேல்தோல் மட்டும் மறுபடி பழுப்பாகச் சிவந்து அப்படி அழகாக இருக்கும். பார்த்தால் முத்தம் கொடுக்கத் தோன்றும்.

அதனால்தான் எங்கள் அப்பா காலத்திலிருந்து ஒரு சட்டம். சூளைக்குள் ஜாடிகளைக் கதவிலிருந்து பின்சுவர்வரை வரிசையாக அடுக்குவோம். சூளை திறந்ததும் வரிசைக்கு ஒன்றை வெளியே எடுத்துச் சுத்தியலால் உடைத்துப் பார்ப்போம். உள்ளே முழுக்கச் சாம்பல் நிறம் என்றால் அந்த வரிசை தேறியது. கறுப்பு தெரிந்தால் வரிசை முழுவதும் உடைபடும். அதில் கருணைக்கு இடமே இல்லை.

பெரிய அண்ணன் உயிரோடு இருந்தவரை சுத்தியல் சின்ன அண்ணனிடம்தான் இருந்தது. அண்ணி அப்போது வேறு ஆள். கொழுந்தனை "தம்பி, தம்பி" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அவனுக்குப் பிறகுதான் தன் புருஷனுக்கே தட்டு வைப்பாள். பெரிய அண்ணன் என்னிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "இந்த வீட்டுல நான்தான் விருந்தாளி" என்பான்.

அந்த வருஷம் மழை பெய்து, நாங்கள் வெளுத்த களிமண் எடுக்கிற குழி நிரம்பிவிட்டது. மேட்டிலிருந்து செம்மண் வெட்டிக் கலந்தார்கள். இரும்பு மிகுந்த மண். சூளை திறந்தோம். சின்ன அண்ணன் தேறியதாகச் சொன்ன ஒரு வரிசையிலிருந்து பெரிய அண்ணன் ஒரு ஜாடியை எடுத்து, கசிவு பார்ப்பதற்காக ஆசிட் ஊற்றி, மேடைமேல் வைக்க மார்போடு அணைத்துத் தூக்கினான். ஜாடியின் அடிப்பாகம் அப்படியே கழன்று விழுந்தது. ஆசிட் முழுவதும் அவன் வயிற்றிலும் தொடையிலும். அவன் தண்ணீர்த் தொட்டியை நோக்கி ஓடினான், பாதி தூரம்தான் ஓட முடிந்தது. வேட்டியும் தோலும் சேர்ந்து கழன்று வந்ததை நான் பார்த்தேன். அண்ணி அவனை அக்குளில் கைகொடுத்து இழுத்துப்போய்த் தொட்டிக்குள் தள்ளினாள். அவள் முன்கை இரண்டிலும் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவன் சில நாள் கத்தினான். அப்புறம் கத்தவில்லை. அதற்கு மறுநாள் போய்விட்டான்.

உடலை எடுப்பதற்கு முன்பே, சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்க, அண்ணி எழுந்து வந்து சின்ன அண்ணனைக் கன்னத்தில் அறைந்தாள்.

"நீ உடைச்சுப் பார்க்கல."

"பார்த்தேன் அண்ணி. சாம்பலாத்தான் இருந்துச்சு. சத்தியமா உடைச்சுப் பார்த்தேன்."

"எங்கே அந்த ஓடு? காட்டு."

எப்படிக் காட்டுவான்? உடைத்த ஓடெல்லாம் பின்பக்கத்து ஓட்டுமேட்டில் மலைபோலக் கிடக்கிறது. அதில் அது எது என்று யார் சொல்வது? அவள் மறுபடி அறைந்தாள். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. அன்றைக்கே அவன் இடுப்பிலிருந்து சுத்தியலை உருவி எடுத்துக்கொண்டாள். அதோடு "தம்பி" என்ற வார்த்தையும் போனது. அதற்குப் பிறகு அவனை அவள் எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துக் காலால் அவன் பக்கம் நகர்த்துவாள்.

"வேற இடத்துக்குப் போயிடேன்டா, உனக்குக் கை வேலை தெரியாதா?" என்று நான் அவனிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "போனா பொய் சொன்னேன்னு ஆயிடும்" என்பான். பிடிவாதத்தில் இருவருக்கும் ஒரே அச்சு. கூடப் பிறந்தவர்கள் என்றால்கூட நம்பலாம்.

வருஷங்கள் போயின. வெளுத்த களிமண் கிடைத்தவரை சூளைகள் நன்றாகத்தான் வெந்தன. அண்ணி வரிசைக்கு ஒன்றை உடைத்தாள், சாம்பல் நிறம் பார்த்தாள், போகவிட்டாள். அடித்துக்கொள்வதும் குறையவில்லை. ஒருமுறை அவன் பிசைந்த மண்ணில் கல் இருந்தது என்று மண்வெட்டிக் காம்பால் காலில் போட்டாள். ஒருமுறை அவன் பொறுமை இழந்து சுடாத பச்சை ஜாடி ஒன்றை அவள் காலடியில் எறிந்து உடைத்தான். நான் நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் வாங்கிக்கட்டிக்கொள்வேன். இந்த வீட்டில் என் உத்தியோகமே அதுதான்.

போன மழைக்கு மறுபடி குழி நிரம்பியது. மறுபடி செம்மண்.

அண்ணி ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் சூளையைச் சும்மா போட்டால் பட்டறையில் இருக்கிறவர்கள் என்ன சாப்பிடுவது? கடைசியில் வேண்டாவெறுப்பாகத் தலையை ஆட்டினாள். கதவு வாசலில் செங்கல் அடுக்கிச் சேறு பூசி அடைத்துத் தீ மூட்டினோம். மறுநாள் காலையில் சூளைக்குள் எட்டிப் பார்க்கிற ஓட்டை மஞ்சளும் சிவப்பும் கலந்து தெரிந்தபோது, சின்ன அண்ணன் கொக்கியை எடுத்துக்கொண்டு டேம்பர் பக்கம் போனான்.

"இப்பவே எதுக்கு?" என்றாள் அண்ணி.

"செம்மண் சீக்கிரம் இளகிடும். இளகறதுக்குள்ள புகையக் குடுத்தாத்தான் ஜாடி நிக்கும்."

"கரி எரிஞ்சு முடியட்டும். கைய எடு."

"எரிஞ்சிருச்சு அண்ணி."

"அன்னிக்கும் இதையேதான் சொன்ன."

அவன் பலகையைத் தள்ளிவிட்டான். அண்ணி இரும்புக் கொக்கியின் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். அவன் விடவில்லை. கொக்கி சூடு. இருவர் உள்ளங்கையும் பொரிகிற வாசனை எனக்கு வந்தது. அவள் அவன் முழங்காலில் உதைத்தாள். அவன் அவளைத் தோளால் இடித்து விறகுக் குவியலில் தள்ளினான். அந்த நேரம் பார்த்து, மூச்சு முட்டிய சூளை எட்டிப் பார்க்கிற ஓட்டை வழியாக ஒரு முழ நீளத்துக்குத் தீயைத் துப்பியது. எழுந்து நின்ற அண்ணியின் ஒரு பக்கப் புருவமும் முன்முடியும் பொசுங்கிப்போயின. அவன் கொக்கியைப் போட்டுவிட்டு ஈரச் சாக்கோடு ஓடிவந்தான். அவள் அந்தச் சாக்கையே பிடுங்கி அவன் முகத்தில் ஓங்கி அடித்தாள். அதற்குள் புகை கட்டிவிட்டது. இனிப் பலகையைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

சூளை ஆறிக் கதவுச் செங்கலை எடுத்த அன்று, உள்ளே ஜாடிகள் கணகணவென்று மெல்லச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. என்னமாய் இருந்தன தெரியுமா! நல்ல பழுப்பு, அங்கங்கே செம்பின் மினுமினுப்பு. பின்சுவரோரம் ஒன்றிரண்டு தோள் சரிந்திருந்தன, அவ்வளவுதான். பார்க்க வந்த கம்பெனி மேஸ்திரி, பழைய அடியை மறந்து, பல்லைக் காட்டினார்.

அண்ணி ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"எல்லாத்தையும் உடைக்கணும்."

"பார்க்காமலேயா?" என்றான் சின்ன அண்ணன். "சட்டப்படி ஒண்ண உடைச்சுப் பாருங்க."

"நீ புகையக் குடுத்த சூளைக்கு என்ன சட்டம்?"

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. அத்தனை வருஷம் வாங்கிய அடியெல்லாம் அப்போதுதான் அவனுக்கு வலித்தது என்று நினைக்கிறேன். கதவோரத்தில் முதலாவதாக இருந்த ஜாடியைத் தூக்கி வந்து முற்றத்தில் வைத்தான். ஆசிட் கேனைத் திறந்து கழுத்துவரை ஊற்றினான். மேஸ்திரி நாலு அடி பின்வாங்கினார்.

"எங்க அண்ணன் தூக்கின மாதிரியே தூக்கறேன். மார்போட அணைச்சு. நான் பொய் சொல்றவன்னா என் வயித்துலயே கொட்டட்டும்."

"டேய், வேண்டாம்டா" என்று நான் அலறினேன். அவன் குனிந்து, வலது கையை ஜாடியின் அடியில் கொடுத்தான்.

அண்ணி ஓடி வந்ததை நான் பார்க்கவில்லை. சுத்தியல் இறங்கியதைத்தான் பார்த்தேன். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே. விறகு முறிகிற சத்தம். கை இருக்கக் கூடாத இடத்தில் மடங்கியது. அவன் ஜாடியை விட்டுவிட்டு மல்லாந்து விழுந்து, தொண்டை கிழியக் கத்தினான். கை தவறிப் பட்டுவிட்டது என்று பிற்பாடு அவளுக்காகச் சிலர் பரிந்து பேசினார்கள். தவறவில்லை. குறி பார்த்து அடித்தாள்.

"இன்னொருத்தன தொட்டிக்கு இழுத்துட்டுப் போக எனக்குத் தெம்பு கிடையாது" என்றாள் அவனைப் பார்த்து. அவளுக்கு மூச்சு வாங்கியது.

பிறகு அந்த ஜாடியைக் கழுத்தைப் பிடித்து லேசாகச் சாய்த்து, அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டு போய், ஆசிட்டைக் கழிவு கொட்டுகிற சுண்ணாம்புக் குழியில் கவிழ்த்தாள். சுண்ணாம்பு சீறிப் பொங்கியது. காலி ஜாடியை நிமிர்த்தி, அவனுக்கும் மேஸ்திரிக்கும் நன்றாகத் தெரிகிற மாதிரி வைத்து, ஓங்கி ஒரு போடு போட்டாள்.

சாம்பல் நிறம். விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே சாம்பல். கறுப்பு என்று ஒரு நூல்கூட இல்லை.

மேஸ்திரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அருமையான சரக்கும்மா. ஏத்திடலாமா?" என்றார். தரையில் புரண்டு கிடந்த சின்ன அண்ணன், வாயெல்லாம் மண்ணோடு, அழுகையும் சிரிப்புமாக, "பார்த்தீங்களா அண்ணி, பார்த்தீங்களா" என்றான். அண்ணி அந்த ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது இருந்ததை நான் இனியொரு முறை பார்க்க விரும்பவில்லை. காரணமே இல்லாமல் ஒருவன் கையை உடைத்திருக்கிறாள்.

அதை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. வேறு காரணம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சூளைக்குள் நுழைந்து, அதே வரிசையில் அடுத்ததாக இருந்த ஜாடியை இருந்த இடத்திலேயே அடித்தாள்.

உள்ளே கறுப்பு. விரல் கனத்துக்கு, கொப்புளம் கொப்புளமாக, பார்க்கவே அருவருப்பான கறுப்பு. அதற்கடுத்ததை அடித்தாள். அதுவும் கறுப்பு. அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. சூளைக்குள்ளிருந்து ஓடுகள் கதவு வழியாகத் தெறித்து வந்தன. மேஸ்திரி வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டார். சிலது சுத்தியல் தொட்டதுமே பொலபொலவென்று உதிர்ந்தன. இதையெல்லாம் எவனோ ஒரு கூலிக்காரன் மார்போடு அணைத்துத் தூக்கியிருப்பான். அடுத்த வரிசையிலும் கதவோரத்து ஜாடி மட்டும் சாம்பல். மற்றதெல்லாம் கறுப்பு.

அண்ணி வெளியே வந்தபோது கையெல்லாம் ரத்தம். நேராகக் கதவு வாசலுக்குப் போய், நாங்கள் எடுத்து அடுக்கியிருந்த செங்கற்களைப் பார்த்தாள். பூசிய சேறு காய்ந்து நெடுக வெடித்திருந்தது. எல்லாச் சூளையிலும் வெடிப்பதுதான், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த வெடிப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். சூளை முழுவதும் மூச்சு முட்டிக் கிடக்கும்போது, கதவோரத்து ஜாடி மட்டும் அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு சுகமாக வெந்திருக்கிறது. அதன் கரி எரிந்து போய்விட்டது. கைக்கு முதலில் எட்டுவது அதுதான் என்பதால், அப்பா காலத்திலிருந்து நாங்கள் உடைத்துப் பார்ப்பதும் அதையேதான். வெளுத்த களிமண் இருந்தவரை அது பிழையாகத் தெரியவில்லை. இரும்பு குறைந்த மண் சீக்கிரம் தோல் மூடாது, எல்லா ஜாடியும் சாம்பலாகவே வெந்துவிடும்.

அண்ணி வந்து சின்ன அண்ணன் பக்கத்தில் ஓட்டுச் சில்லுகளின் மேலேயே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நீ உடைச்சது எது?"

"கதவோரத்துல இருந்தது அண்ணி. எப்பவும் அதானே."

"உங்க அண்ணன் தூக்கினது?"

"அதுக்கு அடுத்தது."

சுத்தியலைத் தரையில் வைத்தாள். அவன் தலையை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். புருஷன் செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. அப்போது அவள் கை அறைவதில் மும்முரமாக இருந்தது. நானும் அழுதேன். அவன்தான், "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அப்புறம் அழுங்க" என்றான்.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டதற்கு, "சூளையில சறுக்கிட்டேன்" என்றான். "நான்தான் அடிச்சேன்" என்றாள் அண்ணி, பக்கத்து அறைவரை கேட்கும்படி. கை சேர்ந்துவிட்டது, ஆனால் பழைய பிடி வரவில்லை. ஜாடி தூக்க முடியாது. டேம்பர் பலகையை இடது கையால் தள்ளுகிறான். அவள் பக்கத்தில் நின்று, எப்போது தள்ள வேண்டும் என்று அவனோடு கத்திச் சண்டை போடுகிறாள். இப்போது வரிசையின் நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் எடுத்து உடைக்கிறார்கள். மண்ணுருண்டை எறிவதை அவள் இன்னும் விடவில்லை. போன வாரம்கூட என் மேல் ஒன்று விழுந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மதியம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வழக்கம்போல அவன் சுவரோரம் உட்கார்ந்தான், வலது கை மாவுக்கட்டில். அண்ணி தட்டைக் கொண்டுவந்தாள். காலால் தள்ளுவாள் என்று நினைத்து அவன் இடது கையை நீட்டினான். அவள் அவன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டைத் தன் மடியில் வைத்துப் பிசைய ஆரம்பித்தாள்.

"நானே சாப்பிட்டுக்கறேன் அண்ணி."

"எந்தக் கையால?"

அவள் ஒரு கவளத்தை உருட்டி எடுத்து நீட்டினாள்.

"வாயைத் திற தம்பி."